தலைவர் வீட்டம்மா கொண்டுவந்த புகார்

மர்கிலான் ஊரில் எங்கள் சினார்மர மஹல்லா என்கிற குடியிருப்பின் தலைவர் கம்பரலி ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதில் சந்தேகப்படுகிறவனுக்கு எங்கள் தெருவில் தேநீர்கூடக் கிடைக்காது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து "நாளைக்குக் கால்வாய் தூர் வாரணும்" என்று சொன்னாரென்றால், சனிக்கிழமை விடியும்போது இடுப்பளவு சேற்றில் மண்வெட்டியோடு நிற்கிற முதல் ஆள் அவர்தான். பேக்கரித் தெரு விதவையின் கூரை ஒழுகுகிறதா, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணம் என்றால் பலாவ் சோற்றுக்குக் காரட் நறுக்குவதிலிருந்து கடைசி விருந்தாளியை வேன் ஏற்றி அனுப்புவதுவரை இருப்பார். ஜனாஸா என்றால் பாடைக்கு முதல் தோள் அவருடையது.

அப்பேர்ப்பட்ட மகராசனின் சொந்த வீட்டில் படுக்கையறைக் கூரை வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். வாளி நிறைந்ததும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவது ரிசாலத்தின் வேலை.

ரிசாலத் அவர் மனைவி. முன்பு பட்டு ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள், வாய் கொஞ்சம் காரம், கை தாராளம். பெண் பார்க்க வந்தபோது அவள் அப்பா வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, கம்பரலி எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, "இவளைத் தினமும் வேலையிலேருந்து நானே கூட்டிட்டு வருவேன்" என்று சொன்னார். சொன்னபடி அவள் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் மழையோ பனியோ ஆலை கேட்டுக்குப் போய் நின்றார். அந்தக் காலத்தில் ரிசாலத் அதைக் காதல் என்று நினைத்திருந்தாள், பாவம்.

புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. "ஏங்க", "மூத்தவனோட அப்பா", கோபம் வந்தால் "இந்த மனுஷன்", அவ்வளவுதான். கண் டாக்டரின் நர்ஸ் புருஷன் பேரைக் கேட்டபோதுகூட ரிசாலத் பாஸ்போர்ட்டை நீட்டி, "அதுல இருக்கு, நீயே பாத்துக்கோ கண்ணு" என்றாள்.

கண் டாக்டரிடம் போனது எதற்கென்றால், அவளுக்கு இரண்டு கண்ணும் புகை மூட்டமாகிவிட்டது. முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. அப்புறம் தெருவில் எதிரே வருகிறவர்களின் முகம் போயிற்று, தொப்பியை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தாள். ஒருநாள் சர்க்கரை என்று நினைத்து ஆப்ரிகாட் பழ ஜாமில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். அதைத் தலைவர் எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்தில் மாவட்டத்து ஆட்களுக்கு ரொட்டியோடு வைத்தார். அவர்களும் மரியாதைக்குத் தின்று, "என்ன ருசி, என்ன ருசி!" என்று ஜாடியையே காலி பண்ணிவிட்டுப் போனார்கள். தலைவரும் அவர்களோடு உட்கார்ந்து தின்றார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்கம்மா. இன்னும் முத்திடுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும். ஆள் இல்லாம வந்தா சேர்த்துக்க மாட்டேன்."

ஆள் யார்? மகன் ரஷ்யாவில் கட்டட வேலை. நமங்கானில் கட்டிக்கொடுத்த மகள் பிரசவமாகி வாசல் தாண்டக்கூடாத நாளில் இருந்தாள். மிச்சம் இருந்தது ஊருக்கே ஆளான இந்த ஒரு ஆள்தான்.

முதல் தடவை நாள் குறித்தபோது பள்ளிக்கூடச் சுவர் இடிந்துவிட்டது. இரண்டாவது தடவை ரொட்டிக்காரனும் அவன் பெண்டாட்டியும் விவாகரத்து என்று வந்துவிட்டார்கள். தலைவருக்கு அதில் தனிப் பெருமை உண்டு. அவர் வந்த பிறகு எங்கள் மஹல்லாவிலிருந்து ஒரு விவாகரத்துகூட நீதிமன்றத்துக்குப் போனதில்லை. அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை, எதிரே உட்காரவைத்துப் பேசுவார். இந்தப் பேச்சுக்கு வீட்டுச் சண்டையே தேவலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுகிறவரைக்கும் பேசுவார்.

மூன்றாவது தடவை ரிசாலத் விடியற்காலையே பட்டுச் சட்டை உடுத்தி, பையைக் கட்டி, வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் தொப்பியை மாட்டிக்கொண்டே வந்தார்.

"அடடா, இன்னைக்கா? ரிசாலத், மாவட்டத்துலேருந்து வர்றாங்கம்மா. 'முன்மாதிரி மஹல்லா' விருதுக்குப் பாக்க வர்றாங்க. அடுத்த வாரம் சத்தியமாப் போறோம்."

"போன தடவையும் சத்தியம்தான் பண்ணீங்க."

"அது வேற, இது வேற. உன் மேல சத்தியம்!"

"அதான் பயமா இருக்கு. உங்க சத்தியத்துல எனக்கு ஏதாவது ஆகிடப்போகுது."

அவர் சிரித்தார். அவளை நகைச்சுவைக்காரி என்று அவர் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ரிசாலத் கிண்ணம் தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றி நீட்டினாள். கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் 'கிளம்பு ராசா' என்று அர்த்தம், இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். தலைவர் ஒரே மடக்கில் குடித்து, "நல்லதாப் போச்சு, தாகமா இருந்துச்சு" என்று கிளம்பியே போய்விட்டார்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். கண் புரையும் தானே கரையும் என்று நினைத்தாரோ என்னமோ!

அன்றைக்கு மத்தியானம் மஹல்லா அலுவலகத்தில் பெண்கள் விவகாரம் பார்க்கிற மஸ்தூரா வீட்டுக்கு வந்தாள். ரிசாலத்தின் பையும் பட்டுச் சட்டையும் அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டன.

"அண்ணனை நம்பி உக்காராதீங்கக்கா, நான் கூட வர்றேன்" என்றாள்.

"உனக்குக் கைக்குழந்தை இருக்கு. நீ வந்து எனக்கு என்ன பாப்பே?" என்ற ரிசாலத் சட்டென்று கேட்டாள், "ஏண்டி, அந்த மனுஷன் ஆபீஸ்ல ஒரு வாக்கு குடுத்து அதைத் தப்பினது உண்டா?"

"ஐயோ, அல்லா! பத்து பேரு முன்னாடி சொல்லிட்டா உசுரைக் குடுத்தாவது முடிச்சிடுவாரே."

"பத்து பேரு வேணுமா? அஞ்சு பேரு போதாது?"

ரிசாலத் வாளியைப் பார்த்தாள். இந்த வீட்டுக்குள் அவர் பண்ணின சத்தியத்துக்கெல்லாம் சாட்சி அந்த வாளியும் நாலு சுவரும்தான். அவர் பொய்யர் இல்லை. சொல்கிறபோது மனசார்த்தான் சொல்கிறார். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் சொன்ன சொல் அவருக்கு வாசல்படியைத் தாண்டினதும் மறந்துபோகிறது. ஆலை கேட்டில் பனியில் நின்றாரே, அது எதற்கென்று அவளுக்கு இத்தனை காலம் கழித்துப் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வரவில்லை. அப்பா வீட்டு முற்றத்தில் அன்றைக்கு அவ்வளவு பேர் மட்டும் உட்கார்ந்திருக்காவிட்டால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தலைவர் ஜனங்களின் குறை கேட்கிற நாள். ரிசாலத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்துபோய், அலுவலக வராந்தாவில் மற்றப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்தாள். பார்த்த பெண்களுக்கு வாய் பிளந்துபோயிற்று. "அண்ணிக்கு வரிசை எதுக்கு, நேரா உள்ள போங்க" என்றாள் ஒருத்தி. "நேராப் போய்ப் பாத்துட்டேன்டி. வரிசையில வந்தாத்தான் வேலை ஆகுது" என்றாள் ரிசாலத்.

அன்றைக்கு உள்ளே விருது விஷயமாக மாகாணத்திலிருந்து ஹோஸியத் என்ற அதிகாரியம்மாவும், இரண்டு பேரும், ஒரு புகைப்படக்காரனும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் உச்சத்தில் இருந்தார். முன்பு ஒரு தொலைக்காட்சிக்காரன் அவரிடம், "நீங்க கண்ணை மூடிக் கேட்டா உருக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்றுமுதல் மனுஷன் குறை கேட்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான்.

ரிசாலத் முறை வந்தது. அவளைப் பார்த்ததும் மஸ்தூரா எழுந்தே நின்றுவிட்டாள். தலைவர் கண் மூடியபடி, "உக்காரும்மா தங்கச்சி, பயப்படாம சொல்லு" என்றார்.

"எனக்குப் பார்வை போயிட்டிருக்கு தலைவரே. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுக் குறிச்சுத் தள்ளிப்போச்சு. கூட வர ஆள் இல்ல."

அவள் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் பேசி நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல அவர் கேட்டு எத்தனை காலமாச்சோ.

"புருஷன் இல்லையா? ரஷ்யாவுக்குப் போயிட்டாரா?" என்று ஹோஸியத் கேட்டாள்.

"ரஷ்யாவுல இருந்தா வாரம் ஒரு போனாவது வரும்மா. இவரு ஊர்லதான் இருக்காரு. ராத்திரி தூங்க வருவாரு."

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. மஸ்தூரா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"கேட்டீங்களா அம்மா? இவனெல்லாம் ஒரு ஆம்பளையா? பெத்தவங்க வளர்த்துக் குடுத்த பொண்ணு கண்ணு தெரியாம சுவரைத் தடவிட்டு நடக்குறா, இவன் ஊர் சுத்துறான்! பொண்டாட்டியைப் பாக்காதவன் தெருவுக்கு என்னத்தைப் பண்ணிக் கிழிப்பான்? என் மஹல்லாவுல இப்படி ஒருத்தன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. தங்கச்சி, நான் வாக்குக் குடுக்கறேன், இத்தனை பேரு சாட்சி. அடுத்த செவ்வாக்கிழமை அவன் உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான், கட்டு அவிழ்க்கிற வரைக்கும் பக்கத்தை விட்டு நகரமாட்டான். அதோட வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு அவன் பேரை ஒலிபெருக்கியில நானே வாசிக்கிறேன்!"

மஸ்தூரா இரண்டாம் தடவை மிதித்தாள். "ஏம்மா என் காலை மிதிக்கிறே?" என்று அவளிடமே எரிந்து விழுந்துவிட்டு, "புருஷன் பேரைச் சொல்லு தங்கச்சி" என்றார்.

அங்கேதான் ரிசாலத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டுதான் வந்திருந்தாள். இருந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து தொடாத பெயர்.

"வெக்கப்படாதம்மா. அவன்தான் வெக்கப்படணும்!" என்று தலைவரே தைரியம் சொன்னார்.

"கம்பரலி" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தகப்பன் பேரையும் சேர்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

தலைவர் கண்ணைத் திறந்தார். புகைப்படக்காரன் அந்த நேரம் பார்த்துத் தட்டிவிட்டான். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் தேநீர்க் கடையில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஹோஸியத் முதலில் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் புரிந்துகொண்டு, "தலைவரே, வாக்குக் குடுத்திருக்கீங்க. நாங்க இத்தனை பேரு சாட்சி" என்றாள்.

கம்பரலி வாக்குத் தப்புகிற ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் தன் பெயரைத் தானே வாசித்தார். நாலு தெருவுக்குக் கேட்டது. "மனைவியைக் கவனிக்காத கணவர்: கம்பரலி" என்று இடையில் ஒரு தடவை இருமிக்கொண்டு வாசித்து முடித்தார். தேநீர்க் கடையில் ஒருத்தன், "இவ்வளவு நேர்மையான தலைவரை எங்க பாக்க முடியும்?" என்று கைதட்டவும் செய்தான். பார்த்துக்கொள்ளுங்கள், அதிலும் மனுஷனுக்கு லாபம்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் கையைப் பிடித்து ஃபெர்கானா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். வராந்தாவில் இரண்டு குடும்பங்களுக்குச் சமாதானம் பேசப் பார்த்தார், நர்ஸ் அதட்டி உட்காரவைத்தாள். ஆனால் பக்கத்தை விட்டு நகரவில்லை. கட்டை அவிழ்த்தபோது ரிசாலத்துக்கு முதலில் தெரிந்தது அவர் முகம். புருவம் நரைத்து, கன்னம் ஒட்டி, சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல் நின்றார்.

"எப்ப இப்படிக் கிழவரானீங்க?" என்றாள்.

அவர் அழுதுவிட்டார். நடிப்பில்லை, அங்கே புகைப்படக்காரன் யாரும் இல்லை.

இரண்டாவது கண்ணும் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் தேநீர் குடிக்கும்போது, கம்பரலி அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இனிமே நீ முதல்ல, ஊரு அப்புறம்தான் ரிசாலத். சாகுற வரைக்கும்" என்றார். குரல் உடைந்தது. ரிசாலத்துக்கும் கண் நிறைந்துவிட்டது, டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்தும். அப்படி ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள்! கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினாள். அவரும் அன்றைக்குக் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மஸ்தூரா வராந்தாவுக்கு வந்து பார்த்தால், பட்டுச் சட்டையும் புதுக் கண்ணாடியுமாக வரிசையில் ரிசாலத்.

"என்னக்கா இது? கண்ணுதான் சரியாப் போச்சே!"

"கண்ணு நல்லாத் தெரியுது. நேத்து உங்கண்ணன் வீட்டுல எனக்கு ஒரு வாக்குக் குடுத்தாரு. தங்கமான வாக்குடி. கேட்டதும் அழுதுட்டேன்."

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"அதைக் கேட்டது நானும் வாளியும்தானே" என்று சொல்லிக்கொண்டே ரிசாலத் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். "நாலு பேரு இருக்கறப்ப இன்னொரு தரம் சொல்லட்டும்."