கண்ணாடிக்குள் ஒரு வாய்க்கால்

தஞ்சாவூரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் அவரைப் பார்த்தேன். எல்லோரும் வெண்கலச் சிலைகளைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பழைய பாசன வரைபடத்தின் முன் நின்று, கண்ணாடியின் ஒரே மூலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். சட்டைப்பையில் மடித்த பட்டா நகல் தெரிந்தது.

"சார், இந்தக் கோடு தெரியுதுங்களா? பூதலூர் பக்கம் நம்ம வயலுக்குத் தண்ணி வர்ற வாய்க்கால். துபாய்ல இருக்கிறவங்களுக்கு விக்கிறதுக்குன்னு பிளாட் போட்டு, இதைத் தூர்த்துட்டாங்க. தாலுகா ஆபீஸ்ல கேட்டா, அப்படி ஒரு வாய்க்காலே கிடையாதுங்கிறாங்க."

"இங்கே இருக்கிறதே?"

"அதையும் சொல்லிப் பார்த்தேங்க. மியூசியத்துல இருந்தா அது பழசாம், செல்லாதாம்."

வரைபடத்தைப் படம் எடுக்க அங்கே அனுமதி இல்லை. அதனால் அவர் பார்வையாளர் குறிப்பேட்டில், 'இந்தப் படத்தில் வாய்க்கால் இருக்கிறது, நேரில் பார்த்தோம்' என்று எழுதி, வருகிறவர்களிடம் அதன் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரர்கூடப் போட்டிருந்தார்.

பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வரைபடத்தை இருமுறை சரிபார்த்தேன். வாய்க்கால் தெளிவாகவே இருந்தது. ஆனால் நான் அரசு ஊழியன். 'அருங்காட்சியகத்தை நன்றாகப் பராமரிக்கிறார்கள்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவர் அதை நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்க சார்" என்றார்.

அதில் கேலி இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு என் நாட்குறிப்பில் மட்டும், வாய்க்கால் இருக்கிறது என்று தேதியிட்டு எழுதி வைத்தேன்.