‘பால் குடிக்காதே’ என்று ஒரு தந்தி

வீட்டில் ரேடியோ வைத்திருக்கும் பெண்பிள்ளையின் உத்தியோகம் என்னவென்று வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். கதவைத் திறந்துவிட வேண்டும், செய்தியைக் கேட்க வேண்டும், கேட்டதைச் சொல்ல வேண்டும், சொன்னதை விளக்க வேண்டும், விளக்கியது தப்பாகிப் போனால் பேச்சும் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் கணவர் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில், அந்த டிவிஷனில் பெட்டரி ரேடியோ இருந்த ஒரே வீடு எங்களுடையது. போதாததற்கு நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். லண்டன் செய்தியைக் கேட்ட கையோடு தமிழில் சொல்லிவிடுவேன். ஆகையால் உலகத்தில் எங்கே எது நடந்தாலும் என் வாசலில் நனைந்த கம்பளியோடு பத்துப் பேர் நிற்பார்கள்.

இதே உத்தியோகம் பார்த்துக் களைத்துப்போன சகோதரிகளுக்கு ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழை ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் வடக்கே, கடற்கரையோரம், ஓர் அணு உலை தீப்பிடித்தது அப்போதுதான். என் மூத்த மகள் ஜெசிந்தா இரண்டு வருஷமாக இங்கிலாந்தில் நர்ஸ் வேலை படித்துக்கொண்டிருந்தாள் என்பது தோட்டம் முழுவதும் தெரிந்த விஷயம். அவளுடைய ஆஸ்பத்திரி அந்த உலைக்குப் பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருந்தது என்பது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அடுப்பு வேலை தெரிந்தவர்

முதல் நாள் மாலையிலேயே கேள்வி வந்துவிட்டது: அணு உலை என்றால் என்ன? எனக்கு மட்டும் தெரியுமா? கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லித் தந்தது பூ வேலையும் புனிதர்களின் வரலாறும். “நம்ம ஃபேக்டரியில தேயிலை காயவைக்க ஓர் அடுப்பு இருக்குதில்லையா, அந்த மாதிரி பெரிய அடுப்பு. விறகுக்குப் பதிலா வேற என்னமோ எரியுது” என்று சமாளித்தேன்.

அது தப்பாகப் போயிற்று. கூட்டத்தில் மாரிமுத்து இருந்தார். இருபது வருஷமாக ஃபேக்டரி அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். அடுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் முன்னால் வந்துவிட்டார். எத்தனை வாய் உள்ள அடுப்பு, புகைக்கூண்டு எவ்வளவு உயரம், ராத்திரி டியூட்டி யாரு என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். அணைப்பதற்குத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்களாம் என்று ரேடியோ சொன்னதை நானும் சொன்னேன். மனிதர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

“தண்ணி ஊத்துறாங்களா? காத்த அடைக்கணுங்கம்மா, காத்த! அங்க ஒருத்தனுக்குக்கூடவா அடுப்பு வேல தெரியாது?”

டின்களின் ஊர்வலம்

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கறக்கிற பாலையெல்லாம் கொட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. புகையோடு வந்தது புல்லில் இறங்கி, புல்லைத் தின்ற மாட்டின் பாலில் சேர்ந்துவிடுமாம். நான் இவ்வளவும் ஒழுங்காகத்தான் சொன்னேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ‘லண்டன் பால்ல விஷம்’ என்று ஆகிவிட்டது.

மறுநாள் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஆளுக்கொரு பால் டின்னோடு என் குசினி வாசலில் வரிசையாக நின்றார்கள். டின்னில் இருக்கிற இங்கிலீஷை நான் வாசித்து, எந்தத் தேசத்துப் பால் என்று சொல்ல வேண்டும். கன்னியாஸ்திரிகள் என் உச்சரிப்புக்காகப் பட்ட பாடெல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது. ஒன்று ஒல்லாந்து, இரண்டு ஆஸ்திரேலியா. லயத்து லெச்சுமி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவள், “ஒல்லாந்து லண்டனுக்குக் கிட்டவாங்க, தூரமாங்க?” என்றாள். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் தூரம்தான் என்று எரிந்து விழுந்தேன். அவள் நகரவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க அவளிடம் வேறு பால் இல்லை. கொடுக்கலாம், பயப்படாதே என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் போனாள்.

கடைசியாக நின்ற கிழவி நீட்டிய டின் துருப்பிடித்திருந்தது. பசுமாட்டுப் படத்தில் தலை மட்டும் மிச்சம். ‘இங்கிலாந்தில் தயாரித்தது’ என்பது தெளிவாகத் தெரிந்தது. கொட்டிவிடச் சொன்னேன். கிழவி டின்னை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பால் தீந்து ரெண்டு வருசமாச்சுங்க. இப்ப மொளகாத்தூளுதான் போட்டு வச்சிருக்கேன். அதையுமா கொட்டணும்?”

பதினொரு நாள் பழைய நுரை

அந்த வாரமே மகளிடமிருந்து கடிதம் வந்தது. என் கணவர் வேலை பார்க்கும் கந்தோருக்கு வந்த தபால் பையிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவந்தார். நான் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். பதினொரு நாள் பழையது, தீப்பிடிப்பதற்கு முன்னாலேயே எழுதியது.

அவள் இங்கிருந்து போகும்போதே எலும்பும் தோலும். குளிர் தேசத்தில் என்னத்தைத் தின்கிறாளோ என்று இரண்டு வருஷமாகக் கடிதத்துக்குக் கடிதம் ‘பால் குடி, பால் குடி’ என்று அரித்துக்கொண்டிருந்தேன். அதற்கு அவள் பதில் எழுதியதே இல்லை. இந்தக் கடிதத்தில்தான் எழுதியிருந்தாள்: “நீங்கள் சொன்னபடி இப்போது தினமும் இரவில் ஒரு கிளாஸ் பால் குடிக்கிறேன் அம்மா. பக்கத்துப் பண்ணையிலிருந்து நுரையோடு வருகிறது. நாலு இறாத்தல் எடை கூடிவிட்டேன்.” நான் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவள் ‘பக்கத்துப் பண்ணை’யில் நின்றுவிட்டேன். அவர் கடிதத்தை வாங்கி மீதியை வாசித்தார். மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பதினெட்டு வருசம் வளர்த்தோம், நீ சொன்ன ஒண்ணையும் கேக்காத பிள்ளை. கேக்கிறதுக்கு இதுவா கிடைச்சுது?”

தந்திக் கந்தோர்

கடிதம் போட்டால் போய்ச் சேர பத்து நாள். பத்து நாளும் இரவுக்கு ஒரு கிளாஸ். கணக்குப் பார்க்கவே எனக்குப் பொறுமை இல்லை. சேலையை மாற்றிக்கொண்டு, மழையோடு மழையாகத் தலவாக்கலைக்குப் பஸ் ஏறினேன்.

தபால் கந்தோரில் வரிசை வாசல்வரை நின்றது. மூக்குக் கண்ணாடிக்காரர் ஒருவர் தந்திப் படிவங்களைத் தூக்கம் வருகிற வேகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. ‘பால் குடிக்காதே. அம்மா’ என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். அவர் வாசித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வாசித்தார். “இதுக்குப் போய்த் தந்தியா மிஸிஸ்? கடிதம் போட்டாப் போதுமே” என்றார். எனக்கு இருந்த ஆத்திரத்தில், ‘உமக்குப் பத்திரிகை வாசிக்கத் தெரியாதா?’ என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அந்தக் கேள்வி இல்லை. ‘என் மகள்’ என்ற இரண்டு சொல்தான் வந்தது. அவர் விலாசத்தைக் கவனித்தார். எழுந்து நின்றுவிட்டார்.

“உங்க மக அங்கதான் இருக்காங்களா? அத முதல்லயே சொல்லியிருந்தா, உங்கள வரிசையில நிக்கவச்சிருக்க மாட்டேனே மிஸிஸ்.”

அடுத்த வீட்டு அனுதாபம்

தந்திக் கந்தோரில் சொன்ன ரகசியம் நான் ஏறிய பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் குடையை மடிக்குமுன் அடுத்த வீட்டில் இருக்கும், மலைவேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மனைவி வந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பும்போதே நினைத்தாளாம். நினைத்ததை அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் கேட்டிருப்பேனா என்றாள். அது சரிதான். ஆகவே அரிசி களையப் போய்விட்டேன். பின்னாலேயே குசினிக்கு வந்தாள்.

“நீங்க கொஞ்சம் அழுங்கக்கா. நீங்க அழாம வேல செய்யிறதப் பாத்தா எனக்குப் பயமாயிருக்கு.”

வாசலில் நின்ற தொப்பி

மறுநாள் காற்றில் மரம் விழுந்து பங்களாவுக்குப் போகிற கரண்ட் கம்பி அறுந்தது. அங்கே இருந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பெரிய ரேடியோ ஊமையாகிவிட்டது. மாலைச் செய்திக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. எட்டிப் பார்த்தேன். மழையில் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு துரை நிற்கிறார். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வாசலை அந்த மனிதர் மிதித்து யாரும் பார்த்ததில்லை. சாரத்தோடு இருந்த என் கணவர் காற்சட்டை தேடி உள்ளே ஓடினார். லயத்து ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செய்தி ஓடி முடியும்வரை நிலைக்கதவில் கை வைத்தபடியே நின்றார். தீ அணைந்துவிட்டது, பால் மட்டும் இன்னும் வேண்டாம் என்றார்கள். அவருடைய தாயார் அந்தப் பக்கத்தில் இரண்டு பசுமாடுகளோடு தனியாக இருக்கிறாராம். பத்து வருஷமாகப் போய்ப் பார்க்கவில்லையாம். தந்தி கொடுத்தீர்களாமே, பதில் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கப் போனவர் திரும்பி, இங்கிலீஷில் சொன்னார்:

“என் அம்மா யார் சொன்னாலும் கேட்கமாட்டாள், குடிப்பாள். உங்கள் மகளாவது சொல்பேச்சுக் கேட்பாளா?”

மகள் எழுதியது

அதற்குப் பிறகு செய்தி நாளுக்கு நாள் சுருங்கி, ஒரு மாலை அந்த உலையைப் பற்றிய பேச்சே இல்லாமல் முடிந்தது. ரேடியோவுக்கு அலுத்துவிட்டது. வாசலில் நின்றவர்களும் வேறு சங்கதிக்குப் போய்விட்டார்கள். லெச்சுமி மட்டும், கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து திரும்புகிற வழியில், “பாப்பா எழுதுச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். பிறகு ஒரு நாள் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே கடிதம் வந்தது. நின்றபடியே அவளுக்கும் கேட்க வாசித்தேன்.

தந்தி போவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் பாலை நிறுத்திவிட்டார்களாம். ஜெசிந்தாவுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள். தந்தியை மேட்ரன் வார்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட, நோயாளிகள்கூடச் சிரித்தார்களாம். பிறகு எழுதியிருந்தாள்: “தேநீருக்கும் பால் இல்லை. இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்துவிட்டார்கள். நான் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணியைக் குடித்தேன். அம்மா, கோபிக்கக்கூடாது. சின்ன வயதில் நீங்கள் தையல் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் லெச்சுமியக்கா வீட்டில் அப்படித்தான் குடிப்பேன். இங்கே வந்து இரண்டு வருஷம் அழாதவள், அன்றைக்குக் கோப்பையோடு துணிகள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.”

லயத்துப் பக்கம் போகாதே என்று அந்தப் பிள்ளையை எத்தனை தடவை அடித்திருப்பேன்! லெச்சுமியை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே பாலக் குடி, பாலக் குடின்னு எழுதி அத வதைக்காதீங்கம்மா. அந்தச் சாயத்தண்ணியக் குடிக்கிறப்பதானே அதுக்கு நம்ம நெனப்பு வருது!”

ரேடியோ வைத்திருந்தவளாக நான் கண்டது இவ்வளவுதான்: லண்டனில் மணியடித்தால் அடித்த நிமிஷமே என் குசினிக்குக் கேட்டது, என் பிள்ளை அழுதது மட்டும் பத்து நாள் கழித்துக் காகிதத்தில்தான் வந்து சேர்ந்தது.