கிருமிகளுக்காக நான் வாதாடிய வாரம்

நோன்பு மாதம் பிறக்கப் பத்து நாட்கள் இருக்கையில், எங்கள் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் பெண்களுக்கான சுகாதாரக் கூட்டம் ஒன்று நடந்தது. விவாத மேடைகளில் கிண்ணங்கள் வென்ற என்னைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்திருந்தார்கள். அழைக்காமல் விட்டிருந்தால்தான் வியந்திருப்பேன்.

நோன்புக்கு முன் முகடு முதல் மலசலகூடம் வரை வீட்டைக் கழுவித் தள்ளுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தின் கையில் நான் வாளைக் கொடுத்தேன். “தாய்மாரே! பிளீச்சிங் தூளை அள்ளிக் கொட்டுங்கள்! ஒவ்வொரு குழாயிலும் கிருமிகளின் ஜனாஸா ஊர்வலம் புறப்படட்டும்!” மண்டபம் அதிர்ந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் கடைகளில் பிளீச்சிங் தூள் தீர்ந்துபோனது. ஒரு பேச்சாளருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

மூன்றாம் நாள் காலை, அந்தச் சான்றிதழைக் கிழிக்க ஒருத்தி வந்தாள். பாடசாலை நாட்களில் நான் தோற்கடித்த எதிரணித் தலைவி. இப்போது ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொழில்நுட்ப அலுவலர். கால்களில் முழங்கால் வரை றப்பர் சப்பாத்து.

“ஒண்ட பேச்சு வென்றுட்டு, புள்ள. வந்து செத்துக் கிடக்கிற மையித்தைப் பாரு.”

நிலையத்தின் பெரிய தொட்டியில் காற்றுக் குமிழிகள் பொங்கிக்கொண்டிருந்தன. நல்ல நாளில் அந்த நீர் தேயிலைச்சாயம் போலிருக்குமாம். அன்று சாம்பல் நிற நுரை கட்டியிருந்தது. ஊர்க் குழாய்கள் கொண்டுவரும் அழுக்கைத் தின்று தீர்ப்பவை அதில் வாழும் கிருமிகளே. அவை அடியில் படிந்த பின் மேலே தெளியும் நீரே ஆற்றுக்குப் போகிறது என்றாள்.

“அப்ப நல்ல கிருமியும் இரிக்கா?” என்று கேட்டேன்.

“இரிந்திச்சி. ஒனக்குக் கைதட்டினதுக்கு முதல்.”

சுத்தமாகாத நீரை ஆற்றில் விடாமல் பக்கத்துக் குளத்தில் தேக்கி வைத்திருந்தாள். நோன்புத் தலைப்பிறை வரைதான் அதில் இடமிருந்தது. அதற்குள் தொட்டி உயிர்க்காவிட்டால், ஊர்க்கழிவு முழுவதும் மீனவர்கள் இறாலுக்கு வலை வீசும் ஆற்றில் இறங்கிவிடும்.

“புதுசா உயிர் போடணும். மாட்டுப்பட்டி இரிக்கிற நாவிதன்வெளிக்குப் போய்ப் பச்சைச் சாணி கொண்டுவா. மறுகா, ஊர் தூள் கொட்டுறதை நிப்பாட்டு. அது ஒண்ட வேலை.”

நான்கு மூட்டைச் சாணியோடு முச்சக்கரவண்டியில் திரும்பிய என்னை, ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். “ராத்தா, மேடையிலயும் இப்பிடித்தான் மணக்குமா?” நான் மூட்டையின் வாயில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன்.

சாணியைத் தொட்டியில் கரைத்தது எளிய பகுதி. கடினமானது, என் சொந்தப் பேச்சை வீடு வீடாகச் சென்று முறியடிப்பது. முதல் எதிரணி உம்மா.

“அண்டைக்குக் கொட்டு எண்டாய். இண்டைக்குக் கொட்டாத எண்டு சொல்றாய். எந்த வாயை நாங்க நம்புற?”

பக்கத்து வீட்டு மாமி அதைவிடக் கூர்மை. “நோம்பு வருது. ஊத்தையோட கிடக்கச் சொல்றியா, மகள்?”

“இல்ல மாமி! சவர்க்காரமும் தண்ணியும் போதும். நாம கழுவி விடுற ஊத்தைய அங்க கோடிக்கணக்கில வேலையாள் இரிந்து கழுவுறாங்க. அவங்கட சோத்தில நஞ்சு போடாதீங்க.”

மாமி யோசித்தார். “சம்பளம் இல்லாமலா?”

“ஓம், மாமி.”

“பாவம்,” என்று பிளீச்சிங் வாளியை மூடிவைத்தார். மண்டபத்தை அதிரவைத்த உவமைகள் பல எனக்குண்டு. அந்த ஒரு ‘பாவம்’ போல எதுவும் வேலை செய்ததில்லை. அதைப் பிடித்துக்கொண்டே ஆறு நாட்கள் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். கைதட்ட ஒருவரும் இல்லை.

ஊர் பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போன மாலையில், நாங்கள் இருவரும் தொட்டியோரம் நின்றோம். அவள் ஒரு கண்ணாடிச் சாடியில் நீர் மொண்டு தரையில் வைத்தாள். மெல்ல மெல்லக் கபில நிறம் அடியில் படிந்தது. மேலே, அப்பால் நின்ற அவளுடைய சப்பாத்துத் தெரியுமளவுக்கு நீர் தெளிந்தது. அவள் ஆற்றுக்கான மடையைத் திறந்தாள்.

இத்தகைய தருணத்துக்குப் பொருத்தமான நான்கு வசனங்கள் என்னிடம் ஆயத்தமாக இருந்தன. தொண்டையைச் செருமினேன்.

“கதைக்காத,” என்றாள். “அதுகள் சாப்பிடுதுகள்.”