முதலில் கை வைத்தவன்

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில் நீங்கள் பார்க்கிற கம்பவுண்டு சுவர்களில் பாதிக்கு மேல் நான் எழுப்பியவை. நம்பாதவர்கள் வந்து தட்டிப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கல் சுமந்து ஆரம்பித்து, கொத்தனார் ஆகி, மேஸ்திரி ஆகி, காண்ட்ராக்ட் எடுத்தேன். இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிப்டு வேலைக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு வரிசையாக ரூம் கட்டினேன். தண்ணீர் லாரி ஓட்டினேன். மூன்று மாடியில் சொந்த வீடு. இரண்டு மகன்கள், இரண்டு பேரும் படித்து வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஏரியைத் திறந்துவிட்ட அந்தப் பெருவெள்ளத்தில் ரோடே அடித்துக்கொண்டு போனபோதும் என் சுவர் ஒன்றுகூடச் சாயவில்லை. பாங்கில் என்னை உட்காரச் சொன்னதில்லை, பங்காளிகள் சிரித்தார்கள், ஒரு இன்ஜினியர் என் கைநாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் தாண்டித்தான் கட்டினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

கட்டுவது பிறகு வந்த வேலை. அதற்கு முன்பே எனக்குக் கைவந்த ஒன்று உண்டு. நான் மான் பிடிப்பேன்.

இன்றைக்கு அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். வலையைப் பரண்மேல் போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் வாலிபத்தில் மச்சான்மாரோடு சேர்ந்து போனபோது வலை கட்டுகிற இடத்தை நான்தான் காட்டுவேன். சணல் கயிற்றில் பின்னிய வலை, நெஞ்சு உயரம். அதை இழுத்துக் கட்டக் கூடாது. இழுத்துக் கட்டினால் மானை அது திருப்பி எறிந்துவிடும். நுனி பிளந்த கவைக்குச்சிகள் மேல் சும்மா சாத்தி வைக்க வேண்டும். மான் வந்து முட்டியதும் குச்சி சரிந்து, வலை அதன் மேல் போர்வை மாதிரி விழ வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு ஓட்டி அதில் பனையோலைக் கீற்றுகளைத் தொங்கவிடுவோம். ஆள் உயர வேலியைத் தாண்டுகிற மான், காற்றில் ஆடுகிற ஓலையைத் தாண்டாது. ஒதுங்கி ஒதுங்கி, வலை இருக்கிற பக்கமே போகும்.

வலை விழுந்ததும் ஒரு முறை உண்டு. எவன் கை முதலில் மானின் மேல் படுகிறதோ அவன் கூவ வேண்டும். காடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூவ வேண்டும். கூவினால்தான் அது அவன் பிடித்த மான். தலையும் ஒரு தொடையும் அவனுக்கு. வாய் திறக்காதவன் பிடித்திருந்தாலும் பிடித்ததாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் கூவாமல் விட்டதே கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் காலி இடம் இருந்தது. முழுக்க வேலிக்காத்தான் முள். அதைச் சுற்றிய சுவரும் நான் எழுப்பியதுதான், மேலே முள்கம்பியோடு. சுவரில் கடைசியாக விட்டிருந்த இடைவெளியை அடைத்த அன்று உள்ளே மான்கள் இருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துக் காட்டிலிருந்து மேய வந்தவை, அப்படியே உள்ளே நின்றுவிட்டன. கேட்டுக்கு அடியில் புகுந்த நாய்கள் அவற்றை ஒவ்வொன்றாக முடித்தன. மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை மான்.

என் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. நாங்கள் இருப்பது மேல் மாடியில்; கீழே இறங்கி நாலு வீடு போய் வர அவளால் முடியாது. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள்தான் அந்த மானை முதலில் பார்த்தாள். வாழைப்பழத் தோலைப் போட்டாள். அப்புறம் அகத்திக்கீரைக் கட்டைக் கயிற்றில் கட்டி, மாடியிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கினாள். சில வாரத்தில் அவள் குரல் கேட்டாலே அது முள்ளுக்குள்ளிருந்து வெளியே வந்து நிற்கும்.

“வாமே பொண்ணே, இன்னா இன்னிக்கு லேட்டு? ஓட்டியா?” என்பாள்.

“மானுக்கு இன்னாடி ஓவர்டைம்?” என்று நான் கேட்டால், “உனுக்குத் தெரியாது, நீ போ” என்பாள். மகன்கள் போன் செய்தால்கூட மானைப் பற்றித்தான் முதலில் சொல்வாள்.

அந்த இடத்தில் புதிய ஷெட் கட்டக் கம்பெனி முடிவு செய்தது. ஜேசிபி வந்து கேட்டில் நின்றது. மான் இருக்கிறதென்று வனத்துறைக்குச் சொன்னார்கள். ஒரு வனக்காவலர், ஒரு பெண் மிருக டாக்டர், ட்ரோன் விடுகிற ஒருவர், மூன்று பேரும் வந்தார்கள். ட்ரோனில் சூட்டைக் காட்டுகிற கேமரா. முள்ளுக்குள் எங்கே இருந்தாலும் மான் திரையில் வெள்ளையாகத் தெரியும் என்றார்கள். தெரிந்தது. நானே பார்த்தேன். ஆனால் அந்தச் சத்தம் தலைக்கு மேல் வந்ததும் மான் பிய்த்துக்கொண்டு ஓடிப்போய்ச் சுவரில் மோதியது. மாடியில் என் மனைவி, “ஐயோ, அந்தப் பூச்சிய எறக்குங்களேன்!” என்று கத்தினாள். இறக்கிவிட்டார்கள்.

மயக்க ஊசி போடலாமா என்று வனக்காவலர் கேட்டார். இந்த வெயிலில், இவ்வளவு பயந்திருக்கிற மானுக்கு ஊசி போட்டால் எழுந்திருக்காமலே போகலாம் என்றார் டாக்டர். அவர் வேறு வழி சொன்னார். ஒரு மூலையில் பச்சைத் துணியால் உயரமாகத் தடுப்புக் கட்டி, உள்ளே தீனி வைத்து, யாரும் கிட்டே போகாமல் விட வேண்டும். பழகிய பிறகு தானாக உள்ளே போகும். கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

“அதுக்கு இன்னாத்துக்குமா துணி?” என்றாள் என் மனைவி, மேலேயிருந்தே. “நான் கீரையைக் காட்டிக்கினு கூப்ட்டா எங்க சொன்னாலும் வரும்.”

டாக்டர் சிரித்துவிட்டு, “அம்மா சொல்றதுதான் சரி. அவங்களை வெச்சே செய்யலாம். பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்” என்றார்.

கம்பெனி ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பத்துப் பதினஞ்சு நாளா மேடம்? மேலேருந்து என்னைக் கொன்னுடுவாங்க.”

அப்போது நான் பேசினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் பேசினேன். “ஒரு காலைல முடிச்சுத் தரேன். உயிரோட. பரண்ல வலை கீது.”

வனக்காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பெருசு, வலை எப்டி வந்துச்சு உங்கிட்ட? மொதல்ல உன் மேல கேஸ் போடட்டா, இல்ல மான் புடிச்சப்புறம் போடட்டா?”

“புடிச்சப்புறம் மாலை போடு சாமி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “வேணாம் ஐயா, ஓட விட்டுப் பிடிக்கிறது ஆபத்து” என்றார். ஆபீசர் ஏற்கெனவே போனில் யாரிடமோ ஒரு காலை போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வனக்காவலரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். “உனுக்கு இன்னாயா அவசரம்? அது என்னாண்ட தானா வரும்யா.”

“பத்து நாள் எவன் காத்திருப்பான்? அதுக்குள்ள ஜேசிபிய உட்டுடுவானுங்க. என் கை உனுக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் பயமா கீது.” கையை விடாமலே, “நல்லபடியா காட்ல உட்டுடணும். எனுக்கு வாக்குக் குடு” என்றாள். கொடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தோம். ட்ரோனைப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டேன். குளம்புத் தடத்தைப் பார்த்தேன். கழிவுநீர்க் குழாய் ஓரமாக அது தினமும் போகிற ஒற்றைத் தடம் இருந்தது. காற்றில் எங்கள் வாடை மானுக்குப் போகாத பக்கமாகப் பார்த்து அங்கே வலையைச் சாத்தினேன். பனையோலைக்குப் பதிலாகச் சிமெண்ட் மூட்டைக் கோணியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். என்னிடம் வேலை செய்கிறவர்களை எதிர்மூலையில் நிறுத்தி, கத்தாதீர்கள், கை மட்டும் தட்டிக்கொண்டு மெதுவாக வாருங்கள் என்றேன். நான் வலைக்குப் பக்கத்தில் முள்ளுக்குப் பின்னால் குந்தினேன். முழங்கால் வலிக்கவில்லை. வயசே தெரியவில்லை.

மான் வந்தது. கோணியைப் பார்த்து ஒதுங்கியது. இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், கடைசியில் நான் சொன்ன தடத்திலேயே நேராக வந்து முட்டியது. குச்சி சரிந்தது. வலை விழுந்தது. அது இரண்டாவது தடவை எம்புவதற்குள் நான் அதன்மேல் இருந்தேன். கழுத்தை ஒரு கை, பின்னங்கால்களை ஒரு கை. யோசித்துச் செய்யவில்லை. கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

வாய்க்கும் ஞாபகம் இருந்தது. கூவினேன்.

ரோட்டில் போன கம்பெனி பஸ் நின்றது என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டது வேறு. என் நெஞ்சுக்கு அடியில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் கூவியபோது அது ஒரு தடவை நின்று, மறுபடி அடித்தது.

“சத்தம் போடாதீங்க ஐயா! கண்ணை மூடுங்க, கண்ணை மூடுங்க!” என்று டாக்டர் ஓடி வந்தார். தோளிலிருந்த என் துண்டை எடுத்து அதன் கண்மேல் போட்டேன். அடங்கியது. தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர வைத்து, ஏதோ ஊசி போட்டு, கட்டைப்பெட்டியில் ஏற்றினார்கள். உயிரோடுதான் ஏற்றினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வனக்காவலர், “கேஸ் கான்சல் பெருசு” என்று என் முதுகில் தட்டினார். நான் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். காட்டு எல்லையில் பெட்டியைத் திறந்தபோது மான் எழுந்திருக்கவில்லையாம். துண்டு கண்மேல் அப்படியே இருந்ததாம்.

“நல்லாத்தானம்மா ஏத்துனீங்க?” என்றேன்.

“பார்க்க நல்லாத்தான் இருக்கும் ஐயா. ஓடின ஓட்டத்துலயும் பயத்துலயும் உள்ளே சதையே கெட்டுப் போயிடும். கொஞ்ச நேரம் கழிச்சு நெஞ்சு நின்னுடும்.”

“நான் கூவுனதாலயா?”

“ஒண்ணால மட்டும்னு சொல்ல முடியாது ஐயா” என்றார். நல்ல பெண். திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

போனை வைத்தேன். எத்தனை மான் பிடித்தவன் நான்! பிடிபட்ட மான் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என் மச்சான்மாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்கிற அளவுக்கு நாங்கள் ஒன்றையும் விட்டு வைத்ததில்லை. வலை விழுகிற வரைக்கும்தான் எங்கள் வித்தை. அதற்கு அப்புறம் கத்திதான். உயிரோடு கொடுக்கிறேன் என்று நான் சொன்னது, எங்களிடம் இல்லாத ஒரு வித்தையை இருப்பதாகச் சொன்னது.

என் மனைவி தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “உட்டாங்களா? தண்ணி கீதா அங்க?” என்று கேட்டாள். சொன்னேன். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் ஊருக்கே தெரியப் போகிறதை அவளிடம் மறைக்க முடியாது.

அவள் அழவில்லை. “நான் உடச் சொன்னேன். நீ புடிச்சுட்டே” என்றாள். அவ்வளவுதான். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறினாள். கீரைக் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் மாடிக்குப் போகவில்லை. நாற்காலி மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடக்கிறது. எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மகன்கள் போன் செய்தால் சீக்கிரம் வைத்துவிடுகிறாள். அந்த இடத்தில் இப்போது ஷெட் நிற்கிறது.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கம்பெனி கேட்டுக்கு உள்ளே ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். நவீன ட்ரோன் மூலம் மான் பத்திரமாக மீட்பு என்று எழுதியிருக்கிறது. ஆபீசர் நிற்கிறார், ட்ரோன் விட்டவர் பெட்டியோடு நிற்கிறார். கீழே மான் படுத்திருக்கிறது, கண்மேல் துண்டு. அதைப் பிடித்திருக்கிற இரண்டு கைகள் மணிக்கட்டு வரைதான் தெரிகின்றன, மீதி ஆளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள்.

ஆபீசரிடம் போய்க் கேட்டேன். “விடுங்க பெரியவரே, நல்ல விஷயமா இருக்கட்டும்னு போட்டோம். செத்ததை எழுதினா நல்லாவா இருக்கும்? உங்களுக்கும் கெட்ட பேர்தானே?” என்றார். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அந்த நல்லது வேண்டாம். நான் எழுப்பிய சுவர்களில் எங்கேயும் என் பெயர் இல்லை, நான் கேட்டதும் இல்லை. இதில் கேட்கிறேன். ட்ரோன் அந்த மானைத் தொடவில்லை. முதலில் கை வைத்தவன் நான், கூவியவனும் நான். அந்தத் துண்டு என்னுடையது, அந்தக் கைகள் என்னுடையவை. படத்தை முழுசாக மாட்டுங்கள், என் முகத்தோடு. இந்த ஆள்தான் பிடித்தான் என்று எழுதுங்கள். அதற்குக் கீழேயே, இந்த ஆள் பிடித்ததால்தான் அது செத்தது என்றும் எழுதுங்கள். இரண்டில் ஒன்றைக்கூட வேறு யாருக்கும் நான் விட்டுத்தர மாட்டேன்.