ஆராவில் சோழர் வர ஆறு கிழமை

பழைய இந்திய அரசர்களையும் போர்களையும் வரிசைப்படுத்திச் சொல்வது லேசான தொழில். அரசர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள், கேட்க வருகிறவர்கள்தான் பேசுவார்கள். எதையாவது படிப்பித்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சுவிஸில் ஆரா என்ற ஊரில் சனிக்கிழமை காலைகளில், வளர்ந்தோருக்கான வகுப்பு, ஜெர்மன் மொழியில். எட்டுப் பேர் பதிந்தால் வகுப்பு நடக்கும். ஏழு என்றால் இல்லை. எனக்கு எப்போதும் எட்டுப் பேர்தான்.

சுமார்

ஹான்ஸ் ரயில் நேர அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். பிம்பிசாரனிலிருந்து நான் சொன்ன ஒவ்வொரு ஆண்டுக்கும் முன்னால் ஒரு ‘சுமார்’ இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் கோடு போட்டார். அசோகன் ஆட்சியைப் பிடித்துச் சுமார் நான்கு ஆண்டுகள் கழித்தே முடிசூடினான் என்றபோது, இடையில் என்ன நடந்தது என்று கேட்டார். சகோதரச் சண்டை என்று கதைகள் உண்டு, உறுதியில்லை என்றேன். பேனையை மூடினார்.

“நாலு நிமிடம் பிந்தினால் நாங்கள் மன்னிப்புக் கேட்டு அறிவிப்போம். நாலு வருடத்துக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையா?”

அணிவகுப்பு

கடைசி மோரிய அரசன் பிருகத்ரதன் படையைப் பார்வையிட்டுக்கொண்டு நின்றபோதே தளபதி புஷ்யமித்திரன் அவனைக் கொன்றான். இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்துவது வழக்கம். ஒரு பேரரசு முடிகிறதல்லவா. பேக்கரி வைத்திருக்கும் உர்ஸ், இங்குள்ள பல ஆண்களைப் போல இராணுவப் பயிற்சி பெற்றவர். பேரரசு பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

“ஆயுதங்களைப் பரிசோதிக்கிற சார்ஜன்ட் அன்றைக்கு லீவா?”

எங்கட ஆக்கள்

எட்டாவது ஆள் பரமண்ணை. டாவோஸ் ஹோட்டல் சமையலறைகளில் காலம் கழித்தவர். ஒவ்வொரு சனியும் சோழர் எப்ப வருவினம் என்று கேட்பார். வரிசைப்படி பிறகு என்பேன். சோழர் வந்துவிட்டால் அவர் நின்றுவிடுவார், வகுப்பும் நின்றுவிடும் என்று பயம். அசோகன் தன் கல்வெட்டிலேயே சோழரையும் பாண்டியரையும் எல்லைக்கு அப்பாலுள்ள அயலவர் என்று பெயர் சொல்கிறான். அந்த வரியைத் தாண்டிப்போனேன். மறதியா கள்ளமா என்று என்னையே கேட்டேன். கிடைத்த பதில் பிடிக்கவில்லை.

ஆறாம் சனி, அடுத்த தவணைக்குப் பதியும் நாள். ஏழு பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அப்போது ஹான்ஸ் நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திறந்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்து, இது என் கொப்பியில் விடுபட்டிருக்கிறது என்றார், மிகப் பணிவாக. பரமண்ணை என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஆறு கிழமையா எங்கட ஆக்கள் வாசலில நிண்டிருக்கினம். நீர் கதவைத் திறக்கேல்லை.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் படிவத்தை இழுத்துத் தன் பெயரை எழுதினார்.

“நன்றி ஒண்டும் சொல்லாதையும். விட்டால் பாண்டியரையும் ஒளிப்பீர். ஆராவது பக்கத்தில இருந்து பாக்கவேணும்.”

வரலாற்றில் யார் எப்போது வந்தார் என்பதை அரசர்களைவிட, வகுப்பைக் காப்பாற்ற நினைக்கும் வாத்தியார்தான் அதிகம் தீர்மானிக்கிறார் போலிருக்கிறது.