புறா இல்லாத போஸ்டர்

போன வாரம் மகளின் பள்ளி வேலைக்காக அடுப்பில் மைதாப் பசை கிண்டினேன். வாசனை மூக்கில் ஏறியதுமே காஞ்சிபுரத்துச் சுவர்கள் கண்முன் வந்துவிட்டன. ஊர் என்றால் எனக்குக் கோபுரம் நினைவுக்கு வராது, போஸ்டர்தான் வரும். படித்த படிப்பு அப்படி.

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் கிராஃபிக் டிசைன் படித்தேன். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டிலிருந்து தினமும் போய்வருவேன். கல்லூரியில் வெளிநாட்டு ஓவியர்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவார்கள், நான் தலையாட்டுவேன். வீட்டில் அம்மா, "டிராயிங் டீச்சருக்குப் படிச்சிக்கினு இருக்குது" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். எங்கள் டவுன் பஸ் பலகையில் இடம் போதாமல் 'செவிலிமேடு' என்பதன் கடைசி 'டு' நசுங்கிக் கிடக்கும். அதற்காக வருத்தப்பட ஊரில் என்னைத் தவிர ஆளில்லை. எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும், அது மூச்சு விட வேண்டும். அப்போது என் லட்சியமே அதுதான். சிரிக்காதீர்கள்.

விடுமுறையில் பஸ் நிலையம் பக்கம் சேகர் அண்ணனின் டிடிபி கடையில் வேலை பார்ப்பேன். காதுகுத்துப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கண்ணீர் அஞ்சலி என்றால் மூலைக்கு மூலை ரோஜா, மேலே இரண்டு புறா.

ஒருநாள் மாகறலிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். மனைவி இறந்துவிட்டார், காரியத்துக்கு போஸ்டர் வேண்டும். படம் என்று அவரிடம் இருந்தது யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ மட்டும். கூட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் விலகி நின்றிருந்தார் அந்த அம்மா.

முகத்தை வெட்டி நடுவில் வைத்தேன். யாரோ போலிருந்தார். அழித்துவிட்டு, நின்ற நிலையிலேயே இடது ஓரத்தில் வைத்தேன். கீழே சின்னதாகப் பெயர். மீதியெல்லாம் வெள்ளை.

"இன்னாமா, காலியா இருக்குது? ரெண்டு புறா போடு," என்றார் சேகர் அண்ணன்.

"வேணாம்ணா."

"அவரு வேணான்னுட்டா நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

டிரைவர் வந்து தாளைக் கையில் வாங்கினார். கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"எப்பவுமே இப்படித்தான் ஓரமா நிப்பா," என்றார். "இப்படியே போட்டுடுங்கபா."

என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த வாரமே பஸ் ஏறி மாகறலுக்குப் போனேன். கோயிலுக்குப் போகும் வழியில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சினிமா போஸ்டர்களுக்கு நடுவே அந்த வெள்ளை தனியாகத் தெரிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எஸ்டிடி பூத்திலிருந்து வகுப்புத் தோழியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஓ, நைஸ்," என்றாள். பிறகு லீவு முடிந்ததும் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டைப் பற்றிக் கேட்டாள். வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பஸ் வரும்வரை மறுபடி போய் அந்தச் சுவருக்கு எதிரே நின்றேன்.

ஐப்பசி மழையில் போஸ்டர்கள் போயின. கம்ப்யூட்டரில் இடமில்லை என்று ஃபைலை சேகர் அண்ணன் அழித்துவிட்டார். பிறகு கடையும் போய்விட்டது. கல்லூரியில் மதிப்பெண் வாங்கித் தந்த வேலைகளெல்லாம் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஒன்று மட்டும் இல்லை.