இதர தலைப்பில் ஒரு மாண்டலின்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் துணைவிதிகளை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். பெங்களூரு வைட்ஃபீல்டில் மற்றவர்களுக்கு நேரமில்லை. ஓய்வு பெற்ற பின் எனக்கு வேறு வாசிப்பில்லை. அரசு அலுவலகத்தில் விதி எண்களை மேற்கோள் காட்டியே காலம் தள்ளியவன் என்பது தெரிந்ததும் என்னைக் கலைக்குழுத் தலைவராக்கிவிட்டார்கள். சங்கீதம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, கிளப் ஹவுஸ் முன்னால் உள்ள புல்வெளியில் ஒரு கச்சேரி நடக்கும். வருடம் முழுக்க வாசிக்க ஒரே குழுவை அமர்த்துவது வழக்கம். துணைவிதிப்படி அந்தக் குழு மூன்று தலைப்புகளில் ஏதாவது ஒன்றில் வர வேண்டும்: சாஸ்திரிய இசை, நாட்டுப்புற இசை, மேற்கத்திய இசை. ஒவ்வொரு தலைப்புக்கும் குடியிருப்பிலிருந்தே ஒரு தேர்வாளர். சாஸ்திரியத்துக்கு வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர். டிசம்பர் முழுக்கச் சென்னையில் சபா சபாவாக ஏறி இறங்குபவர். நாட்டுப்புறத்துக்கு ஒரு கன்னடப் பேராசிரியை. மேற்கத்தியத்துக்கு, அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு பேஞ்சோ என்ற தந்திவாத்தியத்தோடு திரும்பிய இளம் மென்பொருள் பொறியாளர். ப்ளூகிராஸ் என்று அந்நாட்டு மலைக்காரர்களின் சங்கீதம் ஒன்று இருக்கிறதாம். ஃபிடில், மாண்டலின், பேஞ்சோ, எல்லாம் மூச்சுவிடாத வேகத்தில். அதில் எது சேரும், எது சேராது என்பதில் அவர் எங்கள் வங்கிக்காரரைவிடக் கறார்.

அந்தத் தம்பதியை நான் முதலில் கேட்டது காக்ஸ் டவுன் பக்கம் ஒரு மாதா கோயில் மண்டபத்தில், பழைய சக ஊழியர் வீட்டுக் கல்யாண வரவேற்பில். கணவர் மாண்டலின், மனைவி வயலின். பெண் உள்ளே வரும்போது தேவாலயப் பாட்டு வாசித்தார்கள். பந்தி ஆரம்பித்ததும் அதே பாட்டு எப்படியோ மாரியம்மன் திருவிழாப் பாட்டாகிவிட்டது. பாயசம் வரும்போது ஒரு இந்துஸ்தானி மெட்டு, கை கழுவும்போது ஒரு கன்னட நாட்டுப்பாட்டு. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இலைக்காரர், "இவங்க ஆர்கெஸ்ட்ராவா, சர்ச் பார்ட்டியா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அலுவலகத்தில் வகைப்படுத்த முடியாத ஒரு காகிதம் மேசைக்கு வந்தால் எனக்கு ஏற்படும் சின்னச் சந்தோஷம் அன்று ஏற்பட்டது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றில் எந்தத் தலைப்பு என்று கேட்டேன்.

"இன்னா வகைன்னு கேட்டா இன்னா சார் சொல்றது?" என்றார் மாண்டலின்காரர். "யாரு கூப்டாங்களோ, அவங்க வகை."

"சார் விளையாட்டுக்குக் கேக்கலங்க," என்றார் மனைவி. பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக் கொடுப்பவர். எதையும் வரிசையாகச் சொல்வார். "இவரு பேச ஆரம்பிச்சா விஷயம் வராது சார், நான் சொல்றேன். பொம்மசந்திராவுல பிரஸ் மிஷின்ல வேலை. தகடு வெச்சு அழுத்தற மிஷின். போன வருஷம் பக்கத்து மிஷின்காரருக்கு ரெண்டு விரல் போச்சு. இப்ப கம்பெனியில, விருப்பப்பட்டவங்க ஒரு தொகைய வாங்கிக்கிட்டு வேலைய விட்டுட்டுப் போலாம்னு சொல்லியிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"சும்னே பயப்படறா சார். இருவது வருஷமா அந்த மிஷினு என்னை ஒண்ணும் பண்ல."

"அந்தாளும் இருவது வருஷம்தான்."

அவர் சிரித்தபடி பேச்சை மாற்றப் பார்த்தார். மனைவி விடவில்லை. பையன் கல்லூரியில் படிக்கிறான். மாதா மாதம் நிச்சயமாக வரும் ஒரு கச்சேரி இல்லாமல் வேலையை விட முடியாது. எங்கள் குடியிருப்பு ஒருவரை எடுத்துக்கொண்டால் சுற்றியுள்ள குடியிருப்புகளும் அதே ஆளைக் கூப்பிடும். வைட்ஃபீல்டில் யோசிப்பது ஒருவர், நகல் எடுப்பது மற்றவர்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆக, எங்கள் துணைவிதியின் ஒரு பிரிவுக்கும் இந்த மனிதரின் விரல்களுக்கும் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. விதிகளால் இப்படி ஆவது புதிதல்ல. வழக்கமாக எனக்குச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் யோசனை சொன்னேன். மேற்கத்தியத் தலைப்பில் போட்டியே இல்லை. மாண்டலினும் வயலினும் அமெரிக்க மலைச் சங்கீதத்துக்கு அளவெடுத்த மாதிரி. அதில் நாலு மெட்டை மட்டும் சுத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். வேறெதுவும் கலக்க வேண்டாம்.

"அது தெரியும் சார்," என்றார் அவர். "உங்க ஏரியாவுல ஒரு பப்புல ஆள் வரலன்னு என்னைக் கூப்ட்டு ஒரு வருஷம் வாசிக்க வெச்சாங்க. நல்ல பாட்டு. ரயில் போற மாதிரி இருக்கும்."

"ரயில எங்கியும் திருப்பாம ஓட்டுங்க," என்றார் மனைவி.

தேர்வு அன்று கிளப் ஹவுஸ் ஹாலில் மூன்று தேர்வாளர்களும் உட்கார்ந்தார்கள். விதிப்படி மேற்கத்தியத் தேர்வாளர் ஒருவர் போதும். மற்ற இருவரும் சமோசா உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். முதல் மெட்டு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பொறியாளரின் கால் தரையில் தாளம் போட்டது. இரண்டாவதில் வேகம் கூடியது. அவர் முகத்தில், வெளிநாட்டில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தவரின் களை வந்தது. நான் மனதுக்குள் ஒப்புதல் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

மூன்றாவது மெட்டின் நடுவில் கரண்ட் போனது.

அவர்கள் நிறுத்தவில்லை. மைக் செத்தது, வாசிப்பு நடந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. எங்கள் ஜெனரேட்டர் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடிகூட முனகும். வயலின் வாசித்த அம்மாள் தலையை லேசாகச் சாய்த்தார். வில்லை நீளமாக இழுத்து ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்தார்; அது வழுக்கிக்கொண்டே போய் ஜெனரேட்டரின் முனகலோடு ஒட்டிக்கொண்டது. கணவர் அவரைப் பார்க்கவே இல்லை. விரல்களை ஒரு படி மேலே நகர்த்தினார். ஜெனரேட்டருக்கு ஒரு நொண்டி நடை உண்டு, மூன்று தட்டுக்கு ஒரு இழுப்பு. அந்த நடையை மாண்டலின் மரத்தில் உள்ளங்கையால் தட்டினார். மலையிலிருந்து இறங்கிய ரயில் ஜீவனஹள்ளிக்குள் நுழைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வரிசைப்படுத்த முடியாது. மாரியம்மன் வந்தாள், தேவாலயப் பாட்டு வந்தது. வங்கிக்காரர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டு, தப்பவிட்டு, மறுபடி பிடித்தார். பேராசிரியை ஓரிடத்தில், "அய்யோ, இது நாற்று நடும் பாட்டு!" என்று கன்னடத்தில் கூவினார். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வியர்வையோடு பத்துப் பதினைந்து பேர் வந்து வாசலில் நின்றார்கள். கரண்ட் திரும்பி வந்து ஜெனரேட்டர் அடங்கியபோதுதான் அவர்களும் அடங்கினார்கள். கைத்தட்டல் ஓய்வதற்குள் மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். கூட்டத்தில் அந்தப் பார்வையைக் கவனித்தவன் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"மன்னிச்சிக்கங்க சார்," என்றார் அவர், வெளியே வந்ததும். "ஜெனரேட்டர் கூப்ட்டா நான் போய்டுவேன்."

"நீங்க மட்டுமா? நானும்தான் போனேன்," என்றார் மனைவி. அவருக்குக் கோபம் தன் மேல்தான்.

பழக்கதோஷம் என்று விளக்கினார்கள். அவர்கள் வாசித்த சந்துகளில் திருவிழா என்றால் கரண்ட் போகும், மேடைக்குப் பின்னாலேயே ஜெனரேட்டர் இருக்கும். "அத்தோட சண்ட போட முடியாது சார். நாம அது சுருதிக்குப் போய்ட்டா, ஜெனரேட்டரும் நம்ம பார்ட்டிதான்னு ஜனம் நெனச்சிக்கும்." இந்தியாவில் வேறெங்காவது இசைக் கலைஞர்கள் டீசலுக்குச் சுருதி சேர்ப்பார்களா என்று தெரியாது. பேஞ்சோ வாங்க அமெரிக்கா வரை போனவர்கள் செய்யமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

பிறகு தீர்ப்பு. மூன்று பேருமே அசந்துபோயிருந்தார்கள். அதுதான் ஆபத்து என்று என் அனுபவத்துக்குத் தெரியும். பிடிக்காத காகிதத்தை ஒருவர் நிராகரித்துவிடுவார், வேலை முடியும். எல்லோருக்கும் பிடித்த காகிதம் மேசை மேசையாகச் சுற்றும்.

"அங்கிள், செம வாசிப்பு," என்றார் பொறியாளர். "ஆனா இது ப்ளூகிராஸ் இல்ல. மேற்கத்தியம்னு போட்டா எனக்கே மனசு ஒப்பாது. நாட்டுப்புறத்துல போட்டுக்கலாமே?"

பேராசிரியை கன்னடத்தில் கேட்டார்: "நாட்டுப்புறம் என்றால் அதற்கு ஓர் ஊர் வேண்டும். இவர்களுக்கு எந்த ஊர்?"

"ஜீவனஹள்ளி," என்றேன்.

"அது பஸ் நிறுத்தமல்லவா? அதோடு, நடுவில் அவர் வாசித்தது ஏதோ ராகம். சாஸ்திரியம்தான்."

"ராகம்தான், நான் இல்லேங்கல," என்றார் வங்கிக்காரர். "ஆனா ஒரு இடத்துல நிக்கமாட்டேங்கறதே! சாஸ்திரியம்னு போட்டா நாளைக்கு நாலு பேர் என்னைக் கேப்பா. தம்பி, உங்க மேற்கத்தியத்துலயே இருந்துட்டுப் போகட்டுமே."

ஒரு சுற்று முடிந்தது. சமோசாவும் முடிந்தது. மூவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. மாண்டலின்காரர் தொலைபேசியில் கூப்பிடவில்லை. மனைவி கூப்பிட்டார். "இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க சார். அவரு ஷிப்ட் மாத்திக்கறாராம். ராத்திரி ஷிப்ட்ல ஆளு கம்மி, மிஷின் நிறைய கிடைக்கும்னு சந்தோஷமா சொல்றாரு." இரண்டு நாள் பொறுங்கள் என்றேன்.

துணைவிதியில் மூன்று தலைப்புதான். ஆனால் வரவு செலவுத் திட்டத்தில் இன்னொரு தலைப்பு உண்டு: இதர. அந்தக் கணக்கையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள். எந்த அலுவலகமானாலும் உண்மையில் நடக்க வேண்டியதெல்லாம் இதரவில்தான் நடக்கும். மீதித் தலைப்புகள் தணிக்கைக்காரர்கள் பார்ப்பதற்கு. எங்கள் இதரவில் ஜெனரேட்டர் டீசல், கொசுப் புகை, தீபாவளி விளக்குகள், தேன்கூடு எடுக்கும் ஆள் எல்லாம் அடக்கம். தேன்கூட்டுக்குப் பின்னால் 'மாதாந்திர இசை' என்று ஒரு வரி சேர்த்து நிர்வாகக் கூட்டத்தில் வைத்தேன். கார் நிறுத்துமிடம் பற்றிய சண்டை முடிந்து எல்லோரும் களைத்திருந்த நேரம். இதரவை யாரும் படிப்பதில்லை. நிறைவேறியது.

மறுநாள் ஜீவனஹள்ளிக்குப் போய் நேரிலேயே சொன்னேன்.

"இதரன்னா?" என்றார் மனைவி.

"டீசல், கொசு மருந்து, தேன்கூடு, சங்கீதம்."

கணவர் குலுங்கிச் சிரித்தார். "கொசுவுக்கு அப்புறம் நாங்களா? பரவால்ல சார். கொசுவும் நாங்க ரெண்டு பேரும் ராத்திரி ஆனா பாடறவங்கதான்."

மனைவி சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம்?"

"இதரவுக்கு வருஷா வருஷம் புது ஒப்புதல். விதிப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது."

"அத நம்பி இவரு வேலைய விடலாமா?"

"விதிப்படி..."

"விதிய கேக்கல சார். உங்களக் கேக்கறேன்."

பணிக்காலம் முழுக்க இப்படி ஒரு கேள்வியிலிருந்து தப்பிப்பதற்கென்றே எனக்குப் பல சொற்றொடர்கள் பழக்கம். 'பரிசீலனையில் உள்ளது' ஒன்று. 'மேலிடத்தின் கவனத்துக்கு' இன்னொன்று. அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கணவர் முதல்முறையாக வேடிக்கை பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை முழங்கால் மேல் விரித்து வைத்திருந்தார், எண்ணிப் பார்க்கச் சொல்வது போல.

"விடச் சொல்லுங்க," என்றேன்.

அதற்கு ஆதாரமாக எந்த விதியும் என்னிடம் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், அடுத்த வருடம் இந்த வரியை யாராவது அடித்துவிட்டால் எந்தப் பிரிவின் கீழ் மறுப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வந்தார்கள். வாசல் காவலாளியின் கைபேசிச் செயலியில் விருந்தினர், டெலிவரி, டாக்ஸி, பழுது பார்ப்பவர் என்று நான்கே வகைகள் இருந்தன. அவர் மாண்டலின் பெட்டியைப் பார்த்துவிட்டு டெலிவரியை அழுத்தினார். என் கைபேசியில், டெலிவரி வந்திருக்கிறது, உள்ளே விடலாமா என்று கேள்வி வந்தது. விடச் சொன்னேன்.

புல்வெளியில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பொறியாளர் முன்வரிசையில், பக்கத்தில் பேராசிரியை, வங்கிக்காரர் தொடையைத் தயாராக வைத்திருந்தார். தம்பதி சுருதி சேர்த்தார்கள், கலைத்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். அன்றைக்கென்று கரண்ட் போகவில்லை. மாண்டலின்காரர் எழுந்து என்னிடம் வந்து காதருகே குனிந்தார்.

"வெள்ளிக்கிழமையோட கணக்கு முடிஞ்சிச்சு சார். வேலைய விட்டாச்சு." நான் தலையசைத்தேன். அவர் போகவில்லை. "இன்னொரு விஷயம். இங்க ரொம்ப அமைதியா இருக்குது. பிடிச்சிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஜெனரேட்டர கொஞ்சம் ஓட்டச் சொல்வீங்களா?"

கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டர் ஓட்டினால் யாராவது கேள்வி கேட்பார்கள். ஆனால் டீசலும் அதே இதர தலைப்பில்தான் வருகிறது. அதற்கு அனுமதி தருபவனும் நானே. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கிளப் ஹவுஸுக்குப் பின்னால் அது இருமிக்கொண்டு கிளம்பியது. வயலின் வாசிப்பவர் தலையைச் சாய்த்தார்.